மருந்துக்கு அடங்காத டி.பி.: பழைய பயமும் புதிய மாத்திரையும்

நம்பிக்கை: மருந்துக்கு அடங்காத டி.பி. வந்துவிட்டால் இரண்டு வருஷம் ஊசி போட வேண்டும், காதும் போய்விடும்.

இது பழைய கதைதான், பொய்க்கதை இல்லை. கனாமைசின் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு செவித்திறன் இழந்தவர்கள் உண்டு. பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பவர்களைத் திட்டி என்ன பயன்? வைத்தியம் மாறிவிட்டதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என நான்கு மருந்துகள், நான்கும் மாத்திரைகள், தகுதியானவர்களுக்கு ஆறே மாதம். கர்ப்பிணிகளுக்கும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும் வேறு வழி. இந்த நான்கு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றது. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் இந்த நான்கையும் சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேருக்கு நல்ல பலன். அங்கே வழக்கத்தில் இருந்த சிகிச்சையில் 52தான்.

இவற்றில் பெடாகுயிலின் தனி ரகம். கிருமி தனக்கான சக்தியைத் தயாரிக்கும் நொதியையே முடக்கிவிடுகிறது. வழக்கமான டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமியும் அதனால்தான் இதில் அடிபடுகிறது.

நம்பிக்கை: புது மருந்து, பக்கவிளைவு இருக்காது.

இருக்கும். லினசோலிட் பாதத்தை மரத்துப்போக வைக்கலாம், பார்வையை மங்கச் செய்யலாம், ரத்தத்தைக் குறைக்கலாம். தென்னாப்பிரிக்காவில் தினம் 1200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த தொடக்க ஆய்வில் நரம்புத் தொல்லை பெரும்பாலோருக்கு வந்தது, இப்போது 600. பெடாகுயிலின் சாப்பிடும்போது அடிக்கடி ஈசிஜி எடுப்பது இதயத் துடிப்பைக் கண்காணிக்கத்தான். கால் எரிந்தால் தானாக மாத்திரையை நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் மருந்துக்கு அடங்காத டி.பி. வரும்.

அப்படியும் வரும். ஏற்கெனவே அடங்காத கிருமி இருமல் வழியாக நேராகவும் தொற்றும். ஒரு நாளும் டி.பி. மாத்திரை தொடாதவரிடம் போய், ‘ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா வந்திருக்குமா?’ என்று கேட்பது அநியாயம்.

நம்பிக்கை: சளியில் டி.பி. கிருமி போல ஒன்று தெரிந்தால் டி.பி.தான்.

மைக்ரோஸ்கோப்பில் டி.பி. கிருமி மாதிரியே தெரியும் அதன் உறவுக்காரக் கிருமிகள் மண்ணிலும் தண்ணீரிலும் உண்டு. அவை பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை, சிகிச்சையும் வேறு. அவற்றில் ‘ஏவியம்’ வகைக்கு அசித்ரோமைசினுடன் வேறு இரண்டு மருந்துகள் சேர்த்து, சளி கல்ச்சரில் கிருமி மறைந்த பிறகும் ஓராண்டு சாப்பிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், கொழுப்புக் குமிழிகளில் அடைத்து உள்ளிழுக்கும் அமிகாசின் உண்டு. அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. டி.பி. மாத்திரை சாப்பிட்டும் இருமல் அடங்காதவர்கள், கல்ச்சரில் வளர்ந்தது எந்தக் கிருமி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.