கட்டணமில்லா வானியற் கல்வி

வானம் எல்லார்க்கும் பொது. ஆயின், வானத்தைப் பற்றிய அறிவு எல்லார்க்கும் பொதுவாயிற்றா என்பது வேறு வினா. நம் அக்கரைப்பற்றிலே பஞ்சாங்கங் கொண்டு திதி அறிவோரும், நோன்புக்குப் பிறை காண்போரும், மழைக்குறி நோக்கி வயலில் இறங்குவோரும், கடலிற் செல்வோரும் வானத்தோடு நெருங்கி வாழ்பவரே. எனினும், அவர்தம் பழைய அறிவோடு புதிய விஞ்ஞானம் வந்து கலப்பதற்கு ஒரு வாயில் வேண்டும். விண்வெளி ஆராய்ச்சி நடைபெறும் இடங்களை ஒட்டி, பொதுமக்களுக்கெனப் பல நாடுகள் அமைத்துள்ள பார்வையாளர் நிலையங்கள் அத்தகைய வாயில்களாம். அவற்றின் பயனையும், அவை கட்டணமின்றி நடத்தல் ஏன் வேண்டும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

அறிவு மக்களிடம் சென்று சேராதவிடத்து வதந்தி சென்று சேரும். 1955ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் இலங்கையிற் பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதனை ஆராய வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்திருந்தனர். அதே வேளையில், ஒருவகைக் கிழங்கு மருந்தைக் கிரகணப் பொழுதில் அருந்தினால் மேனி வெளுக்கும் என்றொரு வதந்தி நாட்டிற் பரவிற்று. அதனை நம்பி அருந்தியோர் பலர் நோயுற்றனர். விஞ்ஞானியும் வதந்தியும் ஒரே நாட்டில், ஒரே காலையில் இருந்தும், மக்களை எட்டியது வதந்தியே. அறிந்தோர்க்கும் மக்களுக்கும் இடையே பாலம் இல்லாமையே இதற்குக் காரணம்.

அப்பாலத்தை அமைத்தோருள் முன்னோடியாகக் கருதத்தக்கவர் அமெரிக்க நாட்டுச் செல்வர் கிரிபித் என்பார். அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1935ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் ஒரு வானாய்வு நிலையம் திறக்கப்பட்டது. அதனுள் நுழைவதற்குக் கட்டணம் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அங்குள்ள 12 அங்குலத் தொலைகாட்டியினூடாக இதுவரை எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வானத்தைக் கண்டுள்ளனர். கட்டணம் வைத்திருப்பின் வந்திருப்போர் முன்னரே ஆர்வமுடையோர் மட்டுமே. வழிப்போக்கனும், கையிற் காசில்லாச் சிறுவனும் வரிசையில் நிற்க முடிவதே கட்டணமின்மையின் பயன்.

நமக்கு அண்மையிலும் இத்தகைய இடங்கள் உள. தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலே காவலூரில் அமைந்த வைணு பாப்பு வானாய்வு நிலையம், 1977ஆம் ஆண்டு யுரேனசுக் கோளின் வளையங்களைக் கண்டறிவதிற் பங்குகொண்டது. அங்கே சனிக்கிழமைகளிற் பொதுமக்களை அனுமதித்து, வானம் தெளிந்த இரவுகளிற் சிறிய தொலைகாட்டி ஒன்றின் வழியே விண்பொருள்களைக் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடப்பது சிறீஹரிக்கோட்டா. இந்தியாவின் ரொக்கற்றுகள் எழும் அவ்விடத்தில், ஏறக்குறைய 5,000 பேர் அமரத்தக்க பார்வையாளர் கூடம் 2019ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. முன்கூட்டிப் பெயர் பதிந்தோர் கட்டணமின்றி அமர்ந்து ஏவுதலைக் காண்பர். வகுப்பறையில் நெடுநேரம் விளக்கவேண்டியதை அங்கே ஒரு நிமிடத்தில் உணரலாம். முதலிற் சுடர் தோன்றும். முழக்கம் பின்னரே கேட்கும். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி செல்லும். சுடர் கண்டது முதல் முழக்கம் கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுக்கும் மாணவன், ஏவுதளம் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைத் தானே கணித்துவிடுவான்.

அங்கிருந்து எழும் ரொக்கற்றுக்கும் நம் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. துருவங்களின் மேலாகச் சுற்றும் செய்மதியை ஏவுவதற்குத் தெற்கு நோக்கிச் செல்லல் வேண்டும். அவ்வழியிற் குறுக்கே கிடப்பது இலங்கை. எரிந்து கழியும் பாகங்கள் நிலத்தில் வீழாதிருக்க, ரொக்கற்று முதலிற் கடல்மேற் சென்று பின்னரே தெற்கே திரும்புகின்றது. அத்திருப்பத்தால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். அதனைத் தவிர்க்கும் பொருட்டே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது.

நம் நாட்டிலே 1965ஆம் ஆண்டில் எழுந்த கோள்மண்டலக் காட்சிக்கூடம் கொழும்பில் உள்ளது. யப்பான் நாடு 1996ஆம் ஆண்டில் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, மொறட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் உள்ளது. இரண்டும் மேற்குக் கரையின. நாமோ கிழக்குக் கரையினேம்.

இது வெறும் பொழுதுபோக்குக் குறையன்று. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாட் காலை, சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின், ஜேசன்-1 என்னும் செய்மதி இந்துமாகடலின் மேற் சென்று ஆழிப்பேரலையின் உயரத்தை அளந்தது. நடுக்கடலில் அது ஏறத்தாழ 60 சென்ரிமீற்றரே. அவ்வளவீடு கணிக்கப்பட்டு வெளிவரப் பல மணி நேரம் சென்றது. அதற்குள் நம் கரை அழிந்துவிட்டது. இலங்கையில் மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்டது நம் அம்பாறை மாவட்டமே. அதே நாளில், தாய்லாந்தின் கடற்கரை ஒன்றிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் பள்ளியிற் கற்ற புவியியற் பாடத்தை நினைவுகூர்ந்து, கடலின் மாற்றத்தைக் கண்டு எச்சரித்தாள், அங்கிருந்தோர் உயிர்பிழைத்தனர். வானிலிருந்த கருவி காக்க இயலாதபோது, மனத்திலிருந்த பாடம் காத்தது. இந்துமாகடலுக்கென எச்சரிக்கை அமைப்பும், செய்மதி வழியே செய்தி அனுப்பும் கடல்மிதவைகளும் அதன் பின்னரே நிறுவப்பட்டன. ஆயினும், எச்சரிக்கையைக் கேட்போன் அதன் பொருளை உணர்ந்தாலன்றி அது பயன்படாது.

ஆதலின், பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பெருங்கட்டிடம் எழும்வரை காத்திருத்தல் வேண்டா. மாதம் ஒருமுறை, நிலவொளி மிகாத ஒரு மாலையில், கல்லூரி முற்றத்தைத் தமிழர், முசுலிம்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டு, சிறு தொலைகாட்டி ஒன்றையும் விளக்கவல்ல ஓர் ஆசிரியரையும் வைத்தாற் போதும். கலிலியோ 1610ஆம் ஆண்டில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட கருவி, இருபது மடங்களவே உருப்பெருக்குவது. இன்று எளிய கருவியும் அதனைக் காட்டும். சூரியனை மட்டும் தக்க வடிகட்டியின்றி எக்கருவியாலும் நோக்கலாகாது என்பதை முதற் பாடமாகக் கற்பித்தல் வேண்டும்.

நம் ஊர் வட அகலக்கோடு 7 பாகையளவில் அமைந்திருத்தல் நமக்கு வாய்த்த செல்வம். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானுக்கு மேல் 7 பாகையில் நிற்கும்; வைகாசி மாத முன்னிரவில் திரிசங்கு தெற்கே 23 பாகை உயர்ந்து விளங்கும். இலண்டனில் திரிசங்கு தோன்றாது. சிட்னியில் துருவ நட்சத்திரம் தோன்றாது. இரண்டையும் ஒருங்கே காணும் பேறு நம் பிள்ளைகளுக்கு உண்டு. பூமி உருண்டை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறில்லை.

கல்லூரி தன் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையிலே, கட்டணமில்லா வான்காட்சி மாலை ஒன்றை அதன் நிலையான அறப்பணிகளுள் ஒன்றாக்குவோமாக. அடுத்த கிரகணமோ அடுத்த எச்சரிக்கையோ வரும் நாளில், வதந்திக்கு முன்னர் அறிவு நம் மக்களிடம் சென்று சேர்ந்திருத்தல் வேண்டும்.