கல்லூரியில் மனித உருவம் வரைதல்: ஒரு மஸ்அலாவின் விளக்கம்



தெற்கே கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு படிக்கிறார். அங்கே ஓர் ஆளை நடுவில் உட்கார வைத்து, மாணவர்கள் சுற்றிலும் அமர்ந்து, அவரைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டுமாம். “இது ஆகுமா, ஆகாதா என்று எழுதுங்கள். ஆகாதென்றால் பிள்ளையை உடனே அழைத்துக் கொள்கிறேன். கடையில் உட்காரட்டும்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நாம் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். கடிதம் வந்த அன்று வேலை மிகுதி. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது கூடாது என்று இரண்டே வரியில் பதில் எழுதி அனுப்பிவிட்டோம். அந்த இரண்டு வரியிலும் பிழை இல்லை. ஆனால் அந்த வகுப்பில் நடப்பது என்ன, பிள்ளை வரைவது எதை என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் சொல்லும் ஃபத்வா, நாடி பிடிக்காமல் கொடுக்கும் மருந்து போன்றது.

பத்து நாள் கழித்து, அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் ஓர் இளைஞர் பள்ளிவாசலுக்கு வந்தார். கையில் நீளமான காகிதச் சுருள். அதை உள்ளே கொண்டுவரத் தயங்கி, செருப்பு விடும் இடத்தருகே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து ஸலாம் சொன்னார். அந்தத் தகப்பனாரின் மகன்தான். “வாப்பா என்னை ஊருக்கு வரச் சொல்லிவிட்டார்கள் ஹஜ்ரத். பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஒரு தடவை இதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னால், அதன் பிறகு நான் எதுவும் கேட்க மாட்டேன்” என்றார். பள்ளியை ஒட்டிய நமது அறைக்கு அழைத்துச் சென்று, சுருளைப் பிரிக்கச் சொன்னோம்.

நாற்பது தாள்களுக்கு மேல் இருந்தன. கைகள், பாதங்கள், ஒரு மண்டையோடு, முதுகைக் காட்டி நிற்கும் ஆள், துணி மடிப்புகள், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். முதல் தாள்களில் விரல்கள் வாழைப்பழச் சீப்பு போல இருந்தன. அதைச் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார். பின்னால் வந்த தாள்களில் கணுக்களும் நரம்புகளும் தெரிந்தன.

வரையும் முறையை நாம் கேட்கக் கேட்க அவர் விளக்கினார். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவரின் தலை எவ்வளவு நீளம் என்று கட்டை விரலால் குறித்துக் கொள்கிறார்கள். அந்த அளவை வைத்தே உடம்பு முழுவதையும் அளக்கிறார்கள். வளர்ந்த மனிதன் நின்றால் சுமார் ஏழரைத் தலை உயரம். பிறந்த குழந்தைக்குச் சுமார் நான்குதான். கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதாகத்தான் நாமெல்லோரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உச்சியிலிருந்து முகவாய் வரை அளந்தால் அவை ஏறக்குறைய சரிபாதியில் நிற்கின்றனவாம். அன்றிரவு நாமும் கண்ணாடி முன் நின்று சாண் வைத்துப் பார்த்தோம், உண்மைதான். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, காதுக்கு நேர் கீழே குதிகால் வருகிறதா என்றும் பார்ப்பார்களாம், கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பது போல.

“எங்கள் ஆசிரியர் அடிக்கடி ஒன்று சொல்வார் ஹஜ்ரத். நீ எதிரே இருக்கும் கையை வரையவில்லை, கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று உன் மனதில் இருப்பதை வரைகிறாய் என்பார். ஒரு கையில் 27 எலும்புகள். ஆறு மாதமாக ஒரு கையை என்னால் ஒழுங்காக வரைய முடியவில்லை. இதில் அல்லாஹ்வோடு போட்டி போடும் எண்ணம் எங்கே வரும்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் எண்ணம் நல்லதாக இருப்பதால் மட்டும் ஒரு செயல் ஆகுமாகிவிடாது. உருவம் அமைப்பவர்களுக்குக் கியாமத்து நாளில் கடும் வேதனை உண்டு என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. ‘முஸவ்விர்’, அதாவது உருவமைப்பவன் என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று. ஸூரத்துல் ஹஷ்ரின் கடைசி ஆயத்தில் அது இடம் பெற்றிருக்கிறது. கருவறைக்குள் தான் நாடியபடி நம்மை உருவமைப்பவன் அவன் என்று ஆல இம்ரான் ஸூராவின் தொடக்கத்தில் காண்கிறோம். நூஹ் (அலை) அவர்களின் சமுதாயத்தில் நல்லோர்களின் நினைவாக எழுப்பப்பட்ட உருவங்களே பிற்காலத்தில் வணங்கப்பட்டன என்பதையும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இந்த எச்சரிக்கையின் கடுமை, வணங்குவதற்காகவோ படைப்பில் அல்லாஹ்வுக்கு நிகராக வேண்டுமென்றோ செய்பவர்களுக்கு உரியது. அவ்வெண்ணம் இல்லாமல் செய்பவர் பாவி ஆவாரே தவிர காஃபிராகிவிட மாட்டார் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். அப்படியானால் பாவம் என்பது நிற்கத்தான் செய்கிறது. இதை இளைஞரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது.

அந்த வாடிய முகத்தைப் பார்த்தபோதுதான், புகாரியின் வியாபாரப் பாடத்தில் நாம் ஓதிய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்தார். தமது கைத்தொழிலால் பிழைப்பதாகவும், உருவங்களை அமைப்பதே தமது தொழில் என்றும் சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டதையே அவரிடம் இப்னு அப்பாஸ் எடுத்துச் சொன்னார்கள்: உருவம் அமைத்தவர் அதற்கு உயிரூதும் வரை வேதனை செய்யப்படுவார், அவரால் ஒருக்காலும் ஊத முடியாது. கேட்ட மனிதருக்கு மூச்சு வாங்கியது, முகம் மஞ்சளித்துவிட்டது. அவருடைய கையைச் சும்மா இருக்கும்படி இப்னு அப்பாஸ் சொல்லவில்லை. செய்தே ஆகவேண்டுமென்றால் மரத்தைச் செய், உயிரில்லாத எல்லாவற்றையும் செய் என்று வழி காட்டினார்கள். இந்தச் சம்பவத்தை மத்ரஸாவில் ஓதியபோது சட்டத்தை மட்டுமே மனதில் வாங்கியிருந்தோம். எதிரே நின்றவரின் முகம் மஞ்சளித்ததை அறிவிப்பாளர் ஏன் விடாமல் சொன்னார் என்று அன்றுதான் யோசித்தோம்.

இனி, உயிரில்லாதது என்பது மரமும் மலையும் மட்டும்தானா? இங்கேதான் ஃபுகஹாக்களின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஒருநாள் வீட்டுக்குள் வராமல் நின்றதற்கு அங்கிருந்த உருவமும், உருவமுள்ள திரையும், நாயும் காரணமாக இருந்தன. உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தைப் போல் ஆகிவிடும் என்றும், திரையை வெட்டி மிதிபடும் தலையணைகளாக்கிவிடலாம் என்றும் அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. தலையில்லாதது மரத்தைப் போல! இதை வைத்தே, எந்த உறுப்பு இல்லாமல் உயிர் வாழ முடியாதோ அந்த உறுப்பு இல்லாத உருவம் விலக்கப்பட்ட உருவத்தில் சேராது என்று ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்களில் பெரும்பாலோர் கூறுகிறார்கள். கையையும் காலையும் மட்டும் நீக்கினால் போதாது. அவை இல்லாமலும் மனிதன் வாழ்கிறான். முகம் முழுவதும் அழிக்கப்பட்டிருந்தால் தலை நீக்கப்பட்டது போலாகும். புருவத்தையும் கண்ணையும் மட்டும் அழித்துவிட்டால் ஆகாது. ஹனஃபி கிதாபுகளில் இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலோடு தாள்களைப் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. தனிக் கை, தனிப் பாதம், கழுத்துக்குக் கீழே உடம்பு, துணி மடிப்பு, எலும்புக்கூடு இவற்றுக்குத் தடை இல்லை. நாற்பது சொச்சம் தாள்களில் முகத்தோடு கூடியவை பன்னிரண்டுதான் இருந்தன. நாம் இரண்டு வரியில் மூடியது அந்தப் பன்னிரண்டை மட்டுமல்ல, மற்றவற்றையும் சேர்த்துத்தான்.

இதில் கருத்து வேறுபாடே இல்லையா என்று சில வாசகர்கள் கேட்பார்கள். உண்டு. நிழல் விழும் சிலைக்கே தடை, தாளிலும் துணியிலும் உள்ளதற்கு அவ்வளவு கடுமை இல்லை என்பது மாலிகி மத்ஹபில் பலருடைய கருத்து. முன்னோர்களில் சிலர் இப்படிச் சொன்னதை எடுத்தெழுதிய இமாம் நவவி, அதை மறுத்துமிருக்கிறார்கள். 1905-ல் மறைந்த எகிப்து முஃப்தி முஹம்மது அப்துஹு இன்னும் தளர்வாகப் பேசியவர். கெய்ரோவில் 1908-ல் கவின்கலைப் பள்ளியே திறக்கப்பட்டுவிட்டது. மருத்துவம் போன்ற தேவைக்கு வரைவது வேறு விஷயம். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் மன்ஸூர் இப்னு இல்யாஸ் என்ற பாரசீக மருத்துவர் எழுதிய உடற்கூற்று நூலில் எலும்பு, நரம்பு, தசை, இரத்தக் குழாய்களைக் காட்டும் முழு மனிதப் படங்கள் இருக்கின்றன. ஆனால் பரீட்சை மார்க் என்பது நிர்ப்பந்தம் ஆகாது. நமக்கு எளிதாக இருக்கிறது என்பதற்காக ஒரு மத்ஹபை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதை நாம் யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டோம்.

உண்மையைச் சொன்னால், நமக்கு உறுத்தியது வரைவதைவிடப் பார்வைதான். தகப்பனார் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எதிரே உட்காருபவர் என்ன உடுத்தியிருப்பார் என்று கேட்டோம். கோவணம் மட்டும் என்றார். ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத். நம் ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். தொடை பற்றி இருவகை அறிவிப்புகள் இருப்பதை இமாம் புகாரி (ரஹ்) குறிப்பிட்டு, அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸனதில் வலுவானது, ஜர்ஹத் (ரலி) அவர்களின் அறிவிப்பு பேணுதலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறார்கள். நாம் பேணுதலைத்தான் சொல்வோம். சில நாட்களில் சேலை உடுத்திய பெண்ணும் வந்து உட்காருவதுண்டாம். தற்செயலாக விழுந்த முதல் பார்வையைத் தொடர்ந்து இரண்டாவதாகப் பார்க்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். இந்த வகுப்போ முழுக்க முழுக்க இரண்டாம் பார்வையால் ஆனது. இருபது நிமிடம் விடாமல் பார்ப்பதுதான் அங்கே பாடம். ஆகவே அந்த நாட்களில் அவர் அங்கே உட்காரக் கூடாது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் அவர் தம் ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே! பயந்தார். நாமே உடன் சென்றோம். ஆசிரியர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். பெரியவரை முழங்காலுக்குக் கீழே வரை வேட்டி உடுத்தச் சொல்வதில் சிரமமே இல்லை, துணி மடிப்பு வரைவது தனிப் பாடம், எல்லா மாணவர்களுக்கும் அது நல்லதுதான் என்றார். பெண் வரும் நாட்களில் இவர் எலும்புக்கூட்டை வரையட்டும் என்றார். தலை விஷயத்தில்தான் சிரித்துவிட்டார். “வரையாத தலைக்கு நான் எப்படி மார்க் போடுவது?” போட வேண்டாம் என்றோம். அந்த மார்க் போனாலும் மற்றவற்றில் எடுத்து இவர் தேறிவிடலாம். அடுத்த ஆண்டு நெசவு வடிவமைப்புப் பிரிவை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே அவ்வளவாக வராது என்று அவரே வழியும் சொன்னார். ஆண்டு இறுதியில் முகம் வரையும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் எங்களால் இணங்க முடியவில்லை, அவராலும் விலக்குத் தர முடியவில்லை. அதில் எவ்வளவு குறையுமோ குறையட்டும் என்று இளைஞர் சொல்லிவிட்டார்.

தகப்பனாருக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம், இம்முறை நான்கு பக்கம். முதல் கடிதத்திற்காக மன்னிப்பும் கேட்டோம். பெட்டியை அவிழ்த்துவிடச் சொல்லி மகனுக்கு ஃபோன் வந்தது.

முகத்தோடு வரைந்த அந்தப் பன்னிரண்டு தாள்கள் பாக்கி இருந்தன. இளைஞர் மறுபடி வந்து, நம் அறையிலேயே உட்கார்ந்து, கத்தரிக்கோல் வாங்கி ஒவ்வொன்றாகத் தலைப் பகுதியை வெட்டினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர். வகுப்புக்குத் தினக்கூலிக்கு வந்து அசையாமல் உட்காருகிறவர் அவர். தம் வாழ்நாளில் யாரும் தம்மை வரைந்து கொடுத்ததில்லை, வருட முடிவில் அதைத் தமக்குத் தர வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தாராம்.

“இதற்கும் அதே சட்டம்தானா ஹஜ்ரத்?”

அதேதான் என்றோம். சொல்வதற்கு நமக்கும் எளிதாக இல்லை. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்துக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நம் பக்கம் திருப்பிக் காட்டினார். முழங்காலின் மேல் பெரியவருடைய இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஆறு மாதத்தில் அவர் வரைந்தவற்றில் அவைதான் சரியாக வந்த கைகள். அடுத்த வாரம் அதைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் தம் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடிக்காமல் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றாராம்.

வல்லாஹு அஃலம்.