செட்டிநாட்டு விடுதியில் சக்கர நாற்காலி ஏறுமா?

'சாய்தளத்தின் சரிவு 1:12' என்று பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்குகிறோம். அந்த 1:12 ஒரு செட்டிநாட்டு வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன பாடுபடும் என்று விடுமுறையில் டேப் பிடித்துப் பார்த்தோம். நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் செய்த வேலை இது. சிவில்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் அப்ளைடு மெக்கானிக்ஸும் இதில் வருகிறது.

எங்கள் ஊர் சிங்கம்புணரி. கயிறும் தேங்காயும் எண்ணெய்ச் செக்கும் உள்ள ஊர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு நகரத்தார் கிராமம். அதில் ஒரு பழைய வீடு இப்போது தங்கும் விடுதியாக நடக்கிறது. செட்டிநாட்டில் இப்படி விடுதியான வீடுகள் பல உண்டு. காரைக்குடியில், கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. நாங்கள் போன வீட்டின் பெயரை எழுதவில்லை. வீட்டுக்கார ஆச்சி அளக்க அனுமதி கொடுத்ததே பெரிய விஷயம்.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிது இல்லை. திண்ணை கட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், ரோட்டோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்னே இறந்த கர்ப்பிணியின் நினைவாக அதை நடுவது வழக்கம். அந்தக் கல்லை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் யாரையும் 'கொஞ்சம் கை கொடுப்பா' என்று கூப்பிடாமல், தானே சுமையை இறக்கவும் ஏற்றவும் வேண்டிய உயரத்தில் அது இருக்கும். மனித உடம்பை அளந்து செய்த டிசைன் அது. சக்கர நாற்காலிக்காரர் கேட்பதும் இவ்வளவுதான்: யாரையும் கூப்பிடாமல் போய்வர வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். தெரு மட்டத்திலிருந்து திண்ணைத் தரை 90 செ.மீ. உயரம். 18 செ.மீ. வீதம் ஐந்து படி. காவிரிப்பூம்பட்டினத்தில் வெள்ளம் கண்டு வந்தவர்கள், அதனால்தான் உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. காரணம் எதுவோ, 90 செ.மீ. ஏற 1:12 சரிவில் 10.8 மீட்டர் நீளம் வேண்டும். 75 செ.மீ. ஏறியதும் ஒரு சமதளம் விட வேண்டும் என்பது விதி. அதற்கு 1.5 மீட்டர். மேலேயும் கீழேயும் நின்று திரும்ப இன்னும் 1.5, 1.5. கூட்டினால் 15.3 மீட்டர். வீட்டின் முகப்பே 18 மீட்டர்தான்! அப்படிக் கட்டினால் திண்ணையும் சுதை வேலையும் போன இடம் தெரியாது.

'நீளத்தைக் குறைச்சிட்டா என்ன?' என்று தோழன் கேட்டான். எல்லோரும் கேட்கிற கேள்விதான். நம்ம ஊரில் பல ஏ.டி.எம். வாசல்களில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சரிவில் ஏற, உராய்வை விட்டுவிட்டாலும், சுமார் 7.5 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 1:6 என்றால் அது 15 கிலோ. 1:4 என்றால் 22 கிலோ. இதை இரண்டு கையால் சக்கரத்தைச் சுற்றியே கொடுக்க வேண்டும், கை மாற்றிப் பிடிக்கிற நேரத்தில் நாற்காலி பின்னால் உருளும். சரிவு கூடக் கூட ஈர்ப்பு மையம் பின்சக்கரத்தை நோக்கிப் போகும். முன்சக்கரம் தூக்கினால் ஆள் மல்லாந்து விழ வேண்டியதுதான். இத்தகைய சாய்தளம் இல்லாமல் இருப்பதே மேல். இல்லை என்றால் ஏற முயல மாட்டார்களே!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடத்தையும் 'பொதுக் கட்டடம்' என்றே சொல்கிறது. வியாபாரம், பொழுதுபோக்கு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே விடுதி தப்ப முடியாது. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். விதிகள் 2017 ஜூனில் வந்தன. தவணை 2022-லேயே முடிந்துபோயிற்று. 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதி வெறும் பரிந்துரை போல இருப்பது சட்டத்துக்கே பொருந்தாது, கட்டாய விதிகளைக் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தது. சட்டம் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எங்கே கை வைப்பது என்று சட்டம் சொல்லாது. அது நம் வேலை.

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சாந்து ஊற்றி வார்க்கிறார்கள். அந்த வழுவழுப்பு கண்ணாடி கொடுத்தது. அதன்மேல் ஒரு தட்டு சிமெண்ட் கலவை போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு உளி வைத்தால் கல்லோடுதான் வரும். சுவரும் அப்படியே. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்டை ஒட்டிப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சாந்து உதிரும். எனவே எதைச் செய்தாலும் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல், நாளைக்கு எடுக்க வேண்டும் என்றால் எடுக்கிற மாதிரி செய்ய வேண்டும். மரம்தான் இதற்கு ஏற்றது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை முதலிய இடங்களில் தொல்லியல் துறை மரச் சாய்தளம் போட்டது. கட்டடத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அது விருந்தாளிக்காகப் போட்ட தற்காலிக ஏற்பாடு. நம் சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதம். பிறகு பழுது பார்த்தார்கள். பலகை போனால் பலகை மாற்றலாம் என்பதே மரத்தின் சௌகரியம். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 2020-ல் புது லிஃப்ட் வந்தது, பாராட்டினார்கள். அதையொட்டிப் போட்ட கான்கிரீட் பாதைக்கு உலகம் பூராவும் திட்டு விழுந்தது.

சரி, முன்வாசலில் மரத்தில் போட்டாலும் 15.3 மீட்டர் 15.3 மீட்டர்தானே? அங்கேதான் டியூப் லெவல் எங்களுக்குக் கை கொடுத்தது. கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் நிரப்பிய ட்யூப், அதுதான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு எல்லாம் ஒரே நேர்கோடு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பின் தெருவில் மட்டம் எடுத்தால், முன் தெருவைவிட 36 செ.மீ. உயரம்! பாதி நிலத்தின் இயற்கை மேடு. மீதி, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்ட காண்ட்ராக்டர்களின் கைங்கரியம். ஊரில் எல்லாரும் திட்டுகிற காரியத்தால் எங்களுக்கு ஒரு லாபம். பின்கட்டுத் தரையும் முன்கட்டைவிட 18 செ.மீ. தாழ்வு. ஆக, பின்வாசலில் ஏற வேண்டியது 36 செ.மீ.தான். சாய்தளம் 4.32 மீட்டர். உள்ளே ஓர் இடத்தில் 18 செ.மீ., அதற்கு 2.16 மீட்டர். கொல்லையில் இடம் தாராளம். கணக்கு முடிந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

சித்தப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலி. இதே மாதிரி ஒரு வீட்டில் நடந்த உறவுக்காரக் கல்யாணத்தில் நாலு பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. 'நாலு பேரு தூக்குறது ஒரு தடவைதான் அப்பு. அதுக்கு இன்னும் நாள் கெடக்கு' என்று சொன்னவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'எல்லாரும் முன்வாசல்ல சந்தனம் பூசிக்கிட்டுப் போவாக. நான் மட்டும் கொல்லப்பக்கமா? விறகு வண்டியாப்பா நான்?'

நம் ஊரில் பின்வாசல் என்றால் என்ன அர்த்தம், யார் யாரை அந்த வழியாக வரச் சொன்னார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். டியூப் லெவலில் அது தெரியாது.

இரண்டு நாள் கழித்துத்தான் விடை வந்தது, அதுவும் விடுதியின் வழக்கத்தைக் கவனித்ததால். தங்க வருகிறவர்கள் எல்லாம் காரில் வருகிறார்கள். கார் நிறுத்துவது கொல்லையில், பழைய வண்டிக் கொட்டகையில். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு நடத்திப் போய், அங்கே வரவேற்கிறார்கள். அந்த வரவேற்பு மேஜையைக் கொல்லைக்கு மாற்றினால்? சந்தனம், பானகம், பதிவு நோட்டு எல்லாம் அங்கே. எல்லா விருந்தாளியும் அந்த வழியாகவே உள்ளே வருவார்கள். அப்போது அது பின்வாசல் இல்லை, வாசல். உள்ளே வந்தவர் நேர்கோட்டில் முகப்பு வரை போய், திண்ணைக்கு மேலே உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். சித்தப்பா இதற்கு 'ம்' என்றார். அவரிடம் அது பெரிய சர்டிபிகேட்.

ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: 'நெலையில ஆணி அடிக்கக் கூடாது. மத்தபடி என்ன வேணும்னாலும் செய்ங்க.' நிலைப்படியை மிதிக்கவே மாட்டார்கள், அதில் லட்சுமி இருப்பதாக நம்பிக்கை. வழியில் ஐந்து நிலைப்படிகள். 8, 9, 10, 11, 14 செ.மீ. உயரம். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் சரிவுப் பலகை, ஆணி இல்லாமல், அடியில் ரப்பர் ஒட்டி, தரையில் சும்மா வைப்பது. 14 செ.மீ. படிக்கு 1.68 மீட்டர் நீளம். ஐந்தையும் கூட்டினால் 52 செ.மீ. ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, கை வலிக்கும்தான். நடுவில் வளவில் நிற்க இடம் இருப்பது நல்லதாயிற்று. வளவைச் சுற்றியுள்ள பத்தியில் நாற்காலி தாராளமாக ஓடும். ஆனால் முற்றம் பள்ளம். முன்சக்கரம் விளிம்பில் இறங்கினால் ஆபத்து. 5 செ.மீ. கட்டை ஒன்றை ஓரமாகப் போடச் சொன்னோம், மழைத்தண்ணீர் ஓட இடைவெளி விட்டு.

இன்னொரு விஷயம். வழுக்காமல் இருக்க நம்ம ஊர்த் தென்னங்கயிற்றுப் பாயை விரிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஊர்ப்பாசம் உண்டு. ஆனால் தடித்த பாயில் சின்னச் சக்கரம் புதையும், ஓடாது. இரும்புத் தகடும் வேண்டாம். சித்திரை வெயிலில் தோசைக்கல். பலகையைக் குறுக்குவாட்டில், 1 செ.மீ.க்கு மேல் சந்து விடாமல் அடித்தால் போதும்.

அறைக்கு வருவோம். செதுக்கிய நிலை வைத்த அறைகளில் கதவு இடைவெளி 68 செ.மீ. தேவை 90. நிலையை அறுக்க யாருக்கு மனசு வரும்? தேடியதில், கல்யாணச் சாமான் அடுக்குகிற பழைய அறைக்கு 95 செ.மீ. கதவு இருந்தது. பெரிய அண்டா உள்ளே போக வேண்டுமல்லவா! அந்த அறைதான் என்று முடிவு.

உண்மையான வில்லன் கழிவறை. பழைய வீட்டுக்குள் கழிவறை கிடையாது. இது விடுதிக்காகச் சமீபத்தில் கட்டியது. அதாவது அந்த வீட்டிலேயே புதுசு. அதற்குத்தான் 60 செ.மீ. கதவு, வாசலில் ஒரு படி, உள்ளே திரும்பும் கதவு! பாரம்பரியம் என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. செங்கல் சுவர், டைல்ஸ், இடித்துக் கட்டலாம். உள்ளளவு குறைந்தது 2 மீட்டருக்கு 2.2 மீட்டர், கதவு வெளியே திறக்க வேண்டும், பீங்கான் இருக்கை நாற்காலி உயரத்துக்கு 45 முதல் 48 செ.மீ., பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்த 90 செ.மீ. இடம், பிடித்து எழும்பக் கைப்பிடி. வாசலில் ஆயிரம் அலங்காரம் செய்து உள்ளே கழிவறை இல்லை என்றால், விருந்தாளி தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா வெளியூர்க் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார்.

மாடியைத் தொடவில்லை. படிக்கட்டு 62 செ.மீ. அகலம், நடுவில் திருப்பம். லிஃப்ட் என்றால் பர்மாத் தேக்கு உத்தரத்தை அறுக்க வேண்டும்.

முதல் சரிவுப் பலகையை ஆசாரி வேப்பமரத்தில் முடித்துவிட்டார். மற்றவற்றுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. கழிவறைச் சுவரை இடிப்பது பற்றி மட்டும் ஆச்சியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வருகிற வாரம் எஸ்டிமேட்டோடு மறுபடியும் போகிறோம்.