ஹார்மோன் வேண்டாமென்றால் வேறென்ன?

நாகல்நகர்,
திண்டுக்கல்.

அன்புள்ள தாயி,

போனில் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாய். பக்கத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டார் போல. ராத்திரி எழுந்து எழுந்து நைட்டி மாற்றுகிறேன், வகுப்பில் பாடம் நடத்தும்போதே குப்பென்று வெக்கை ஏறி முகமெல்லாம் வேர்க்கிறது, எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை எனக்கு மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள் என்றாய். நீ சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரியும். ஊர் ஊராகச் சுற்றிய கிராம செவிலியரிடம் என்ன கூச்சம்? அதையும் எழுதுகிறேன், பொறு.

மதுரை டாக்டர் மறுத்தது சரிதான். உன் மார்பில் இருந்தது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளர்கிற வகைக் கட்டி. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு டாமோக்ஸிஃபென் எழுதியிருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தை அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். ஒரு கையால் கதவைச் சாத்திவிட்டு மறுகையால் திறந்துவிடுவார்களா? ஸ்வீடனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மார்பகப் புற்று வந்து தேறியவர்களுக்கு ஹார்மோன் கொடுத்த ‘ஹாபிட்ஸ்’ ஆய்வை, நோய் திரும்புவது கூடியதால் 2003 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு இந்தக் கதை கிடையாது. அவருக்கு அந்த மாத்திரை நல்லதாகவே இருக்கலாம், நீ போய்ப் பயமுறுத்தி வைக்காதே.

இன்னொன்று. உன் வெக்கையில் ஒரு பங்கு டாமோக்ஸிஃபெனாலேயே வருவது. அதைக் கேட்டதும் இதையே நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றினால் டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. அப்படி யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

மூளைக்குள் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடம் உண்டு. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாத கடுகளவு சூட்டுக்கும் ரத்தக்குழாயை விரித்து வேர்வையைக் கொட்டவைக்கிறது. நம் திண்டுக்கல் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். நீ பலவீனமானவள் என்றோ, மனசு சரியில்லை என்றோ யார் சொன்னாலும் காதில் வாங்காதே.

‘எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதன்மேல்தான் எனக்குக் கோபம். நான் வேலை பார்த்த காலத்தில் தகுதியுள்ள தம்பதிகள் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்போம். கல்யாணமாகி, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் அதில் இருப்பார்கள். நாற்பத்தொன்பது தாண்டினால் பெயர் விழுந்துவிடும். பிரசவம், தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாடு என்று வீட்டு வாசலில் நின்று கேட்ட எங்களுக்கு, மாதவிலக்கு நின்றவளிடம் ‘தூக்கம் வருதா?’ என்று கேட்கும்படி எந்தப் பத்தியும் அதில் கிடையாது. அவளுக்கும் சொல்லப் பழக்கமில்லை. நீ சொல்லிப் பழகு. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எத்தனை தடவை வந்தது, எந்நேரம், தூக்கம் கெட்டதா என்று எழுதிவை. ‘ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்’ என்பதைவிட அந்த நோட்டு அதிகம் பேசும்.

வேர்ப்பதெல்லாம் இதுதான் என்றும் முடிவுகட்டாதே. தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை பார்க்கச் சொல். சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல், எடை குறைவது இவற்றோடு இரவு வேர்வையும் இருந்தால், நம் பக்கம் முதலில் காசநோயைத்தான் பார்க்க வேண்டும்.

இனி மருந்து. ஹார்மோன் இல்லாமலே வெக்கையைக் குறைப்பவை இருக்கின்றன. வென்லாஃபாக்சின் என்று எழுதித் தருவார்கள். மருந்துக்கடைப் பையன் ‘இது மனச்சோர்வுக்கு உள்ளதாச்சே’ என்பான். ஆமாம், அதுவேதான், குறைந்த அளவில் மூளையின் அந்தச் சூட்டு இடத்தையும் அமைதிப்படுத்தும். ரத்த அழுத்தம் மட்டும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். இந்த வரிசையில் பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் என்று இரண்டு உண்டு. மற்றவர்களுக்கு ஆகும், உனக்கு ஆகாது. டாமோக்ஸிஃபென் ஈரலில் போய் மாறினால்தான் முழுதாக வேலை செய்யும். அந்த மாற்றத்தை இவை தடுத்துவிடும். ஆகையால் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், முதல் வாக்கியம் ‘நான் டாமோக்ஸிஃபென் சாப்பிடுகிறேன்’ என்பதாக இருக்கட்டும்.

தூக்கம்தான் பெரிய தொல்லை என்றால் கபாபென்டின் கேட்டுப் பார். ராத்திரி போடுவது. முதல் சில நாள் காலையில் தலை கிறுகிறுக்கும், அப்போது ஸ்கூட்டியை எடுக்காதே. வென்லாஃபாக்சினோ கபாபென்டினோ, நன்றாகிவிட்டது என்று ஒரேநாளில் விடவும் கூடாது. மெல்லக் குறைக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் ஃபெசோலினெடன்ட் என்ற புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது நேராக அந்த மூளை நரம்புகளிலேயே வேலை செய்வது. ஆனால் ஈரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். புற்று டாக்டரைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

நீ சிரிப்பாய், ஆனால் பேச்சு சிகிச்சைக்கும் இதில் இடமுண்டு. மார்பகப் புற்றிலிருந்து தேறிய பெண்களைக் குழுவாக உட்காரவைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. வெக்கை வருகிற தடவை குறையவில்லை, அது படுத்துகிற பாடு குறைந்தது. வகுப்பில் வேர்க்கும்போது உனக்குள் என்ன ஓடுகிறது? ‘பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள், அசிங்கம்.’ அந்த நினைப்பே படபடப்பை ஏற்றி வேர்வையைக் கூட்டும். அதைப் பிடித்து நிறுத்தக் கற்றுத்தருவதுதான் அந்தச் சிகிச்சை. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம், அங்கே போவதில் ஒரு அவமானமும் இல்லை.

நாட்டுமருந்துக் கடைக்குப் போகுமுன் யோசி. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, சோயா மாத்திரை என்று யாராவது தருவார்கள். செடியில் இருந்து வந்தது என்பதாலேயே உனக்கு ஆகாத ஈஸ்ட்ரோஜன் குணம் அதில் இல்லாமல் போகாது, சாறை வடித்துச் செய்த மாத்திரையில் எவ்வளவு இருக்கிறதென்றும் யாருக்கும் தெரியாது. குழம்பில் போடுகிற சோயாவும் வெந்தயமும் சாப்பாடு, அதற்குப் பயமில்லை. சித்த மருத்துவரிடம் போனால் உன் ஃபைலோடு போ.

பாலியஸ்டர் நைட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னாளபட்டிச் சுங்குடியைக் கட்டு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, ராத்திரி பத்து மணிக்கு மட்டும் வேண்டாம். நடைப்பயிற்சி வெக்கையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. ஆனாலும் நட. எலும்புக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும். ஒருநாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 போல வந்துவிடும், மோரும் முருங்கைக்கீரையும் மீதியில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும். டாமோக்ஸிஃபெனை மாற்றி லெட்ரோசோல் கொடுத்தால் எலும்பு வேகமாகத் தேயும், அப்போது எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் கேள்.

இப்போது நீ சொல்லாதது. உறவின்போது எரிச்சல், வலி, அப்புறம் நீர்க்கடுப்பு. அதுதானே? ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த இடம் வறண்டு மெலிந்துவிடும். மாப்பிள்ளைமேல் ஆசை குறைந்துவிட்டது என்று அவரும் நினைக்கிறார், நீயும் நினைக்கிறாய். மருந்துக்கடையில் நீர் கலந்த வழவழப்பு ஜெல் கிடைக்கும், அது அந்த நேரத்துக்கு. வாரத்தில் சில நாள் தடவுகிற ஈரப்பத ஜெல் தனி. இரண்டும் ஹார்மோன் இல்லாதவை. ஆணுறை போடுபவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது, கிழிந்துவிடும். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவாதே. இதிலும் தீராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு என்று பெண் டாக்டர் சொல்லக்கூடும். புற்று டாக்டர் சம்மதித்தால் மட்டுமே வாங்கு. இந்தப் பத்தியை மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

மாதவிலக்கு ஒரு வருஷம் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பார். டாமோக்ஸிஃபென் கருப்பை உட்சுவரைத் தடிக்கவைக்கும், சிலருக்கு அங்கே புற்றாகவும் மாறும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ வாரமெல்லாம் காத்திருக்காதே, அன்றே போ. ரத்தம் உறைந்திருக்கலாம்.

அடுத்த செக்கப்புக்கு மதுரைக்கு நானும் வருகிறேன். நோட்டு, மாத்திரை அட்டைகள், ஆபரேஷன் ரிப்போர்ட் மூன்றையும் ஒரே பையில் போட்டு வை. தேதியை மட்டும் அண்ணனிடம் சொல்லி அனுப்பு.

உன் அத்தை