புளியங்கொட்டைப் பந்தயம்

ஏர்பேடு,
தீபாவளிக்கு முந்திய ஞாயிறு.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுமுறை முடிந்து வேலூரிலிருந்து திரும்பியதும், இங்கே ஐ.ஐ.டி.யில் உன்னுடன் படிக்கும் நண்பர்கள் ஐந்து பேரை ஒரு சனிக்கிழமை மாலை நம் வீட்டுக்கு அழைத்து, இதுவரை போக்கர் ஆடியறியாத அவர்களுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கப் பிரியப்படுவதாகவும், தலைக்குப் பத்து ரூபாய் மட்டும் பந்தயம் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கூடத்தைத் தருவதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை; நான்கு பேர் கூடிச் சிரித்துப் பேசுவது ஒரு வீட்டுக்கு மங்களமான காரியம். அந்தப் பத்து ரூபாயைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

உன் வயதில் எனக்கு ஒரு தீபாவளி இரவு வாய்த்தது. தெருத் திண்ணையில் மூன்று சீட்டு ஆடினோம். பத்துப் பைசாவில் தொடங்கிய பந்தயம், விட்டதைப் பிடிக்கவேண்டும் என்ற ஆத்திரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கூட்டிக்கொண்டே போக, நடு ஜாமத்துக்குள் ரூபாய்களில் வந்து நின்றது. ஜெயித்தவன் நான். எதிரே இருந்த என் சிநேகிதன், வேர்க்கடலை விதை வாங்குவதற்காக அவன் தாயார் கொடுத்திருந்த பணத்தை என்னிடம் தோற்றான் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன், அவன் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எங்கள் திண்ணையில் ஏறவுமில்லை. பந்தயம் சிறியதா பெரியதா என்பதை அதை நிர்ணயிக்கிறவன் அறியமாட்டான், தோற்கிறவன்தான் அறிவான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சட்டத்தின் நோக்கிலும் இந்த விஷயத்தை நீ தெரிந்துகொள்வது நல்லது. சீட்டாட்டத்தைப் பற்றி நம் தேசத்து நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஒரு தீர்ப்பு, ஆந்திர அரசாங்கம் கொண்டுசென்ற மேல்முறையீட்டில் பிறந்தது. செகந்திராபாத்திலுள்ள ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் ரம்மி ஆடியது பற்றிய அவ்வழக்கில், 1967 நவம்பரில் உச்சநீதிமன்றம், விழுந்த சீட்டுகளை ஞாபகத்தில் வைத்து, எதைக் கையில் நிறுத்துவது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், மூன்று சீட்டோ வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்றும் பகுத்துக் காட்டியது. போக்கரைப் பற்றியோ இன்னும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை: 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் அதை அதிர்ஷ்டத்தின் பக்கம் வைத்தது, 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் திறமையின் பக்கம் வைத்தது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை ஆந்திரம் 2020இலேயே தடைசெய்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் தேசம் முழுமைக்கும் அத்தகைய தடையைக் கொண்டுவந்தது. கற்றறிந்த நீதிபதிகளே வேறுபட்டு நிற்கும் ஒரு விஷயத்தில், படிக்க வந்த பிள்ளைகள் காசை நடுவே வைத்துக்கொண்டு உட்காரவேண்டிய அவசியம் என்ன?

நீ உடனே ஒரு நியாயமான கேள்வி கேட்பாய்: காசே இல்லையென்றால் ஒவ்வொருவனும் எந்தச் சீட்டு வந்தாலும் கையிலிருப்பதையெல்லாம் நடுவே தள்ளிவிடுவானே, ஆட்டம் குட்டிச்சுவராகிவிடாதா என்று. வாஸ்தவம். ஆனால் அதற்குக் காரணம் காசு இல்லாமை அன்று, குறைவு இல்லாமை. அள்ள அள்ளக் குறையாத பொருளுக்கு எவன் மதிப்புக் கொடுப்பான்? ஆகவே உன் அத்தை ஜாடியில் சேர்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டைகளையும், தாயம் ஆடும் சோழிகளையும் எடுத்துக்கொள். ஒரு சோழிக்குப் பத்துக் கொட்டை மதிப்பு. ஆளுக்கு ஐந்து சோழியும் ஐம்பது கொட்டையுமாக நூறு. தீர்ந்துபோனால் அந்தச் சுற்று முடியும்வரை மறுபடி கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, யார் கடைசிவரை நின்றார்கள் என்று எழுதி வா. அடுத்த கூட்டத்துக்கு என்ன பலகாரம் என்பதை ஜெயித்தவன் சொல்லட்டும், முதலில் தோற்றவன் காபி டம்ளர்களைக் கழுவட்டும். இவ்வளவு போதும், பத்து ரூபாய்க்கு வராத கவனம் பத்துக் கொட்டைக்கு வருவதை நீயே பார்ப்பாய்.

இனி ஏற்பாடுகள். புதியவர்களுக்கு ஆறு பேர் கொண்ட வட்டமே உத்தமம். எட்டுக்கு மேற்பட்டால் தன் முறை வருவதற்குள் ஒருவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். இரண்டு சீட்டுக்கட்டு வாங்கி வா. ஒன்றைப் போடும்போது மற்றொன்றைப் பக்கத்திலிருப்பவர் கலைத்து வைத்தால் நேரம் வீணாகாது. ஜோக்கர்களை முன்கூட்டியே எடுத்துவிடு. கொட்டைகளையும் முதல்நாளே எண்ணி ஆறு கிண்ணங்களில் வைத்துவிடு. பாயின்மேல் ஒரு தடித்த ஜமக்காளம் விரித்தால் சீட்டை நகத்தால் கிளறாமல் எடுக்கலாம். முறுக்கும் பஜ்ஜியும் ஆட்டத்துக்கு இடையே வேண்டாம். எண்ணெய்க் கை பட்ட சீட்டில் விழும் மங்கலான விரல்தடம், இரண்டு ஆட்டம் கழிவதற்குள் அந்தச் சீட்டைப் பின்புறத்திலேயே அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். வறுத்த வேர்க்கடலையே நம் சீமைக்கும் இந்த ஆட்டத்துக்கும் பொருத்தம்.

கற்பிக்கும்போது விதிகளையெல்லாம் ஒரே மூச்சில் பிரசங்கம் செய்யாதே. முதல் மூன்று ஆட்டங்களைப் பந்தயமின்றி, எல்லாச் சீட்டுகளையும் திறந்து வைத்தே ஆடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. பிறகு அனைவருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஆக ஏழில் சிறந்த ஐந்தே ஒருவனுடைய கை. சீட்டுப் போடுகிறவனுக்கு இடப்பக்கம் இருப்பவன் ஒரு கொட்டையும், அவனுக்கு அடுத்தவன் இரண்டு கொட்டையும் சீட்டைப் பாராமலே கட்டவேண்டும். இந்தக் கடமை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் நகர்ந்து வட்டமாகச் சுற்றி வரும். பொதுச் சீட்டுகள் திறக்குமுன் ஒரு முறையும், திறக்கும் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின் ஒரு முறையுமாக, கட்டுவதா, கூட்டுவதா, விலகுவதா என்று ஒவ்வொருவரும் வரிசையில் தீர்மானிப்பார்கள். அரைமணிக்கு ஒருதரம் கட்டாயக் கொட்டைகளை இரட்டிப்பாக்கினால், பத்து மணிக்குள் ஆட்டம் தானே ஒரு முடிவுக்கு வரும்.

எந்தக் கை எதை வெல்லும் என்ற அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி எல்லோர் கண்ணுக்கும் படும்படி வை. அத்துடன் அதன் காரணத்தையும் சொல்லு. காரணம் தெரிந்தது மறக்காது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஒன்றுமே சேராதவை 13,02,540. ஒரே ஒரு ஜோடி மட்டும் அமைபவை 10,98,240. எண் வரிசையாக அமைபவை 10,200. ஐந்தும் ஒரே இனமாக அமைபவை 5,108. மூன்றும் இரண்டுமாக அமைபவை 3,744. நான்கு ஒரே எண்ணாக அமைபவை 624. ஒரே இனத்தில் வரிசையாகவும் அமைபவை 40 மட்டுமே. அபூர்வமானது எதுவோ அது உயர்ந்தது. மூன்று சீட்டு ஆடிப் பழகிய நண்பன் எவனேனும் இருந்தால், அங்கே வரிசை ஓரினத்தை வெல்லுமே, இங்கே ஏன் மாறிற்று என்று தர்க்கம் செய்வான். மூன்று சீட்டில் வரிசை 720 விதம், ஓரினம் 1,096 விதம். ஐந்து சீட்டில் அபூர்வம் இடம் மாறிவிடுகிறது என்று எடுத்துச் சொல்.

இந்த ஆட்டத்தின் உயிர்நிலை எதுவென்று ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுகிறேன். உன் கையில் இரண்டு ஆட்டின், அதாவது இதயக் குறிச் சீட்டு. நடுவில் மூன்று சீட்டுகள் திறந்திருக்கின்றன. அவற்றிலும் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஓரினம். நீ பார்த்திராத சீட்டுகள் 47. அவற்றில் ஆட்டின் ஒன்பது. அடுத்த சீட்டிலேயே அது வருவதற்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு. நடுவில் 20 கொட்டை இருக்க, எதிரி மேலும் 20 வைக்கிறான் என்றால், 40ஐப் பெற நீ 20 கட்டவேண்டும், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தாலன்றி அது கட்டாது, விலகிவிடு. அவன் ஐந்தே வைத்தால், 25ஐப் பெற ஐந்து, ஆறில் ஒரு பங்கு வாய்ப்பே போதும், தாராளமாகக் கட்டு. சீட்டு அதேதான், ஆசையும் அதேதான், விலை மாறியதும் விவேகத்தின் முடிவு மாறிவிடுகிறது. விலகியபின் அந்த ஆட்டினே வந்து விழக்கூடும். அப்போதும் நீ எடுத்த முடிவு சரியானதே. பலனைக் கொண்டு முடிவை அளக்கக்கூடாது என்ற இந்தப் பாடத்துக்காகவே நான் இதற்கு இடம் கொடுக்கிறேன்.

இல்லாத கையை இருப்பதாகக் காட்டும் பாவனையைக் கண்டு எந்த நண்பனாவது கூசினால், அது பொய்யன்று, எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்ட ஒரு வித்தை என்று சொல். ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன், மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், இந்தப் பாவனையையே கணக்காக ஆராய்ந்திருக்கிறார். சதுரங்கத்தில் எல்லாம் பலகையின்மேல் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கோ, மறைந்திருப்பதை உத்தேசித்துத்தான் நடக்கவேண்டும். உலக வியவகாரங்களில் பெரும்பாலானவை இத்தகையவையே.

கடைசியாக, அழைத்தவனுடைய தர்மம். தெரியாதவன் தவறாக ஆடினால் அந்த நேரத்தில் சிரிக்காதே. ஆட்டம் முடிந்தபின் அவன் கேட்டால் மட்டும் சொல்லு. நீயே ஜெயிக்கவேண்டும் என்று உட்காராதே. அன்றிரவு நீ ஆசிரியன். முதலில் தோற்றவனை மூலையில் விடாமல் சீட்டுப் போடும் பொறுப்பை அவனிடம் கொடு. எவனாவது, சும்மா ருசிக்காக ஒரு ரூபாய் வைப்போமே என்று தொடங்கினால், இது மாமா வீட்டு விதி என்று என் பெயரைச் சொல்லிவிடு. அந்தப் பழியை நான் சந்தோஷமாக ஏற்கிறேன். எல்லாம் முடிந்தபின் முந்நூறு கொட்டையும் முப்பது சோழியும் எண்ணி ஜாடியில் திரும்ப விழட்டும். அவற்றில் ஒன்றுகூட எவன் வீட்டு விதைக்கடலையும் அன்று என்ற நிம்மதியோடு நானும் வந்து, உங்கள் வட்டத்தில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

என்றைக்கு என்று எழுது. அத்தை கடலை வறுத்து வைப்பாள்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா.