ஆல் இங்கிலாந்துக்கு ஏன் இத்தனை மவுசு?

உலக சாம்பியன்ஷிப் இருக்கும்போது, பாட்மின்டன் ஆடும் என் மகள் ‘ஆல் இங்கிலாந்து, ஆல் இங்கிலாந்து’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாளே, ஏன்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

மகள் சரியாகத்தான் சொல்கிறாள் அம்மா! உலக சாம்பியன்ஷிப் பிறந்ததே 1977-ல்தான். அதற்கு முன்பெல்லாம் ஆல் இங்கிலாந்தை வென்றவரே உலக சாம்பியனாகக் கருதப்பட்டார். 1899-ல் லண்டனில் தொடங்கியபோது இரட்டையர் ஆட்டங்கள் மட்டுமே. ஒற்றையர் மறு ஆண்டு வந்தது. இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோ எட்டு முறை வென்றார், அதில் ஏழு தொடர்ச்சியாக.

நமக்கு மறக்க முடியாதது 1980. முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற லிம் ஸ்வீ கிங்கின் இடி போன்ற ஸ்மாஷ்களை, நிதானத்தாலும் மென்மையான தட்டல்களாலும் அடக்கிப்போட்டார் பிரகாஷ் படுகோன். அடுத்த கோப்பைக்கு 21 ஆண்டுகள் காத்திருந்தோம், கோபிசந்த் கொண்டுவந்தார். மார்ச்சில் பர்மிங்காமில் ஆட்டம் தொடங்கியதும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.