மஹர்: ஜனாஸா வரை தள்ளிப்போடும் கடனா?



நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் எவ்வளவு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம். ஜமாஅத் தஃப்தரில் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்குகிறோம். அதன் பிறகு பல வீடுகளில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. கணவர் மவ்த்தான அன்றுதான் நினைவு வருகிறது. ஜனாஸாவைத் தூக்கும் முன், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம், "மஹரை மன்னிச்சுடும்மா" என்கிறார்கள். அவரும் தலையசைக்கிறார்.

இந்த மன்னிப்பு செல்லுமா?

சூரத்துன் நிஸாவின் 4-வது வசனம், மஹரை மகிழ்வோடு கொடுத்துவிடக் கட்டளையிடுகிறது. மனைவி தானாக மனம் விரும்பி விட்டுத் தந்ததையே கணவன் அனுபவிக்கலாம் என்றும் சொல்கிறது. நிபந்தனை மனவிருப்பம். மய்யித் கிடக்கும் வீட்டில், உறவினர் சூழ நிற்கையில், "மாட்டேன்" என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? வற்புறுத்தி வாங்கும் தலையசைப்பு மனவிருப்பம் ஆகாது.

கொடுக்காத மஹர் கடன். அதே சூராவின் 11, 12-வது வசனங்கள், வஸிய்யத்தும் கடனும் போகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்கின்றன. எனவே கஃபன் செலவுக்குப் பின் மஹரைக் கொடுத்துவிட்டே சொத்தைப் பிரிக்க வேண்டும். பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று என்பது மனைவியின் வாரிசுப் பங்கு. மஹர் அதில் சேராது, அது தனி.

3 தீனார் கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது.

மஹருக்குத் தவணை வைக்க மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் தவணை வேறு, தள்ளுபடி வேறு. கைக்கூலி ஒரு நாள் பிந்தினால் பெண் வீட்டாரிடம் சண்டைக்குப் போகிறோம். வாங்கக் கூடாத அதற்கு அவ்வளவு அவசரம். கொடுக்க வேண்டிய மஹர் முப்பது வருடம் பிந்தினாலும் கவலையில்லை!

மணமகன்களே, இயன்ற தொகையைச் சொல்லி மஜ்லிஸிலேயே கையில் கொடுங்கள். வசதியற்ற தோழரிடம் இரும்பு மோதிரமாவது தேடி வரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மணமாகிப் பல வருடம் ஆனவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் நிக்காஹ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.

மனைவியின் ஹக்கை உயிரோடு இருக்கும்போதே நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.